மாசாணத்துக்குக் கிடைத்த தடை உத்தரவு

கோயமுத்தூர் கணபதியில் தெருவுக்குப் பத்துப் பட்டறை இருந்த காலம் அது. பம்ப் செட்டுக்கு ஷாப்ட் கடைகிறவர், மோட்டாருக்கு மூடி செய்கிறவர், கிரைண்டருக்கு டிரம் வளைக்கிறவர் என்று ஆளுக்கொரு தகரக் கொட்டகையும் ஒரு பலகையும் உண்டு. பலகையில் பெரும்பாலும் சாமி பெயரோ பிள்ளைகள் பெயரோ இருக்கும். மாசாணத்தின் பலகையில் மட்டும் பெயரைவிடப் பெரிதாக ஒரு நம்பர் இருந்தது. விற்பனை வரிக்குப் பதிவு செய்த நம்பர். இத்தனை பெரிய எழுத்து எதற்கு என்று பெயின்டர்கூடக் கேட்டுப் பார்த்தார். மாசாணம் மசியவில்லை.

சொல்லப் போனால் அவர் பதிவு செய்திருக்கவே வேண்டியதில்லை. அவர் செய்தது கூலி வேலை. பம்ப் கம்பெனிக்காரர்கள் வார்ப்பு இரும்பைக் கொண்டுவந்து இறக்குவார்கள். இவர் லேத்தில் ஏற்றிக் கடைந்து, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவார். இரும்பு அவர்களுடையது, கை இவருடையது. கைக்கு யாரும் விற்பனை வரி போடுவதில்லை. ஆனாலும் 1989-ல் தானாகப் போய், வரிசையில் நின்று, பதிவு செய்துகொண்டு வந்தார். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் மூன்று தலைமுறையாகக் கூலிக்கு இருந்த குடும்பம் அவருடையது. நிலம் கிடையாது, பட்டா கிடையாது. ரேஷன் கார்டைத் தவிர அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதிவைத்த அரசாங்கக் காகிதம் எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு அரசாங்கம் ஒரு நம்பர் கொடுத்தால் அதைப் பெரிதாக எழுதாமல் என்ன செய்வார்?

பதினாறு வயதில் கோயமுத்தூருக்கு வந்து பவுண்டரியில் மண் சலித்தார். அங்கிருந்து ஒரு பட்டறைக்குப் போய் லேத் துடைத்தார். துடைத்துக்கொண்டே பார்த்தார், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பதினான்கு வருடம் மற்றவர்களின் மெஷினில் நின்ற பிறகு, ஒரு பழைய சின்ன லேத்தை வாங்கிச் சொந்தமாகத் தொடங்கினார். அப்புறம் பேங்க் கடனில் ஆறடி லேத் ஒன்று வந்தது. பெரிய ஷாப்டெல்லாம் அதில்தான் ஓடும். மனைவி அன்புச்செல்வி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். இரண்டு பேருடைய சம்பாத்தியத்திலும் அந்தக் கடனை அடைத்து முடித்த நாளில் அவர் லேத்துக்குச் சந்தனம் வைத்து, பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

இனி அவர் செய்த தப்பு. தப்பு என்று வரி அலுவலகம்தான் சொன்னது. கணபதியில் கேட்டால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடையும்போது சில சமயம் அளவு தவறிச் சாமான் கெட்டுப்போகும். பத்துப் பேரில் ஒன்பது பேர், உங்கள் வார்ப்பிலேயே ஓட்டை இருந்தது என்று கம்பெனியின் தலையில் கட்டிவிடுவார்கள். மாசாணத்துக்கு அது முடியாது. தான் கெடுத்ததைத் தானே தர வேண்டும் என்பது அவர் கொள்கை. பவுண்டரிக்குப் போய்த் தன் காசில் அதே வார்ப்பை வாங்கி, கடைந்து அனுப்பிவிடுவார். அனுப்பியதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. பில் புத்தகத்தில், ‘கெட்டுப்போன சாமானுக்குப் பதில் சாமான் கொடுத்தது’ என்று விலையோடு எழுதி, அந்த விலையைத் தன் கூலி வரவில் செலவாகக் கழித்தும் காட்டுவார். கணக்கு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம்.

1993-ல் ஒரு வரி அதிகாரி அந்தக் கண்ணாடியில் வேறொன்றைப் பார்த்தார். சாமான் கொடுத்தது என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்படியானால் நீ சாமான் விற்கிறவன், கூலிக்காரன் இல்லை என்று மூன்று வருட வரவு மொத்தத்தையும் விற்பனை என்று வைத்து வரி போட்டார். வரி கட்டாததற்கு அபராதமும் சேர்த்தார். மொத்தம் அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம். மூன்று வருடத்தில் மாசாணம் மாற்றிக் கொடுத்த வார்ப்புகள் பதினொன்று. பதினொரு வார்ப்புக்கு அறுபத்திரண்டாயிரம்! பதிவே செய்யாமல், பில்லே போடாமல் துண்டுச் சீட்டில் கூலி வாங்கிக்கொண்டிருந்த பக்கத்துப் பட்டறைக்காரர்களை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

மாசாணம் உத்தரவை எடுத்துக்கொண்டு லட்சுமிநாராயணனிடம் போனார். அவர் ஆடிட்டர் இல்லை, வரி விவகாரங்களைப் பார்த்துக் கொடுப்பவர்; ஆனால் கணபதி முழுக்க அவரை ஆடிட்டர் என்றுதான் சொல்லும். படித்துப் பார்த்து, இது நிற்காது, மேல்முறையீட்டில் அடித்துத் தள்ளிவிடலாம் என்றார். முப்பது நாளுக்குள் மேல்முறையீடும் போட்டார். மாசாணம் நிம்மதியாகப் பட்டறைக்குத் திரும்பினார்.

அந்த நிம்மதிக்கு ஒரு நியாயம் இருந்தது. அவர் பிறந்த பக்கத்தில், பங்குக் கிணற்றில் இரண்டு பேருக்குத் தகராறு வந்தால், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை இரண்டு பேரும் மோட்டாரைத் தொடக் கூடாது. பயிர் வாடினாலும் சரி. ஒருத்தன் மட்டும் தண்ணீர் இறைத்துக்கொண்டே, பேச்சு முடியட்டும் பார்க்கலாம் என்றால் ஊர் சும்மா விடாது. அரசாங்கத்துக்கு இந்த மட்டும் மரியாதை இருக்காதா என்று மாசாணம் நினைத்தார். வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரும்வரை அவர்களும் கேட்க மாட்டார்கள், நாமும் கட்ட வேண்டாம்.

கிணற்று நியாயம் வேறு, வரி நியாயம் வேறு. இரண்டு மாதத்தில் ஜப்தி நோட்டீஸ் வந்தது. பணத்தைக் கட்டாவிட்டால் பட்டறையில் உள்ள இயந்திரங்களை எடுத்துப் போவோம் என்று அச்சடித்த காகிதம். மேல்முறையீடு போட்டது வேறு விஷயம், அதனால் வசூல் நிற்காது, நிற்க வேண்டுமானால் தடை கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும் என்று லட்சுமிநாராயணன் அப்போதுதான் விளக்கினார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று மாசாணம் கேட்டார். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார் அவர். கூலிக்காரனின் மகனுக்கு வரிச் சட்டமெல்லாம் தெரியும் என்று நினைத்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

தடை கிடைத்தது. ஆனால் கயிறு கட்டிக் கிடைத்தது. பாதித் தொகையை முப்பது நாளில் கட்ட வேண்டும். மீதிப் பாதிக்குச் சொத்துள்ள ஒருவர் தன் மூலப் பத்திரத்தை வரி அலுவலகத்தில் ஒப்படைத்து, ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தடை செல்லாது.

பாதித் தொகைக்கு அன்புச்செல்வி தன் கழுத்திலிருந்ததையும் காதிலிருந்ததையும் கழற்றிக் கொடுத்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் இங்கும் அதிகம் பேச வேண்டாம். கையெழுத்துதான் பெரிய பாடாக இருந்தது. நிலமுள்ளவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மாமன் மச்சானுக்குப் போடுவான், பங்காளி பங்காளிக்குப் போடுவான், ஒரு கல்யாணத்தில் சந்தித்தால் பந்தியிலேயே முடிந்துவிடும். மாசாணத்தின் சொந்தபந்தத்தில் மூலப் பத்திரம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களே இல்லை. வரி சந்தேகத்தில் இருக்கும்போது பாதியைக் கட்டு, மீதிக்குச் சொத்தைக் காட்டு என்று எழுதியவர்களுக்கு, நாட்டில் சொத்தில்லாதவனும் தொழில் செய்வான் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது.

முதலில் அழகிரிசாமியிடம் போனார். பம்ப் கம்பெனி முதலாளி. மாற்றிக் கொடுத்த பதினொரு வார்ப்பில் எட்டு அவர் கம்பெனிக்குப் போனவை. நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காப்பி வரவழைத்தார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அநியாயமாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். “பாக்கலாமுங்க மாசாணம். வெள்ளிக்கெழம வாங்களேன்” என்றார். வெள்ளிக்கிழமை போனால் திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமையும் காப்பி வந்தது. அங்கே ‘இல்லை’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. வருகிறவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்ள வேண்டும். மாசாணம் நான்காவது காப்பியில் புரிந்துகொண்டார். இன்னும் இரண்டு இடத்தில் இதே காப்பியைக் குடித்துவிட்டு, பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று வாடகை கொடுக்கும் தேதி. கொட்டகைக்குச் சொந்தக்காரி குழந்தையம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. தோட்டமெல்லாம் பங்கு பிரிந்து விற்றுப்போன பிறகு மிஞ்சியது முப்பது சென்ட் இடமும், அதில் ஒரு வீடும் மூன்று கொட்டகைகளும். வாடகைதான் வருமானம். சுவரில் எண்ணெய் பட்டால் சண்டைக்கு வருவார், இரும்புத் தூள் வாசலில் கிடந்தால் ஆணி குத்துகிறது என்று கத்துவார். ஏழு வருடத்தில் மாசாணத்திடம் அவர் சிரித்துப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. மாசாணம் வாடகையைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் கொட்டகையைக் காலி செய்ய வேண்டி வரலாம் என்று மெதுவாகச் சொன்னார். குழந்தையம்மாள் காரணம் கேட்டார். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“இதுல நீ திருடுனது ஏதாச்சும் இருக்குதா?”

“இல்லீங்க அம்மா.”

“பத்தரத்தக் குடுத்தா எப்பத் திருப்பிக் குடுப்பாங்க?”

மூன்று மாதத்தில் வழக்கு முடிந்துவிடும் என்று ஆடிட்டர் சொன்னதை மாசாணம் சொன்னார். குழந்தையம்மாள் உள்ளே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பழைய துணிப்பையோடு திரும்பி வந்து, நாளைக்குக் காலையில் ஆட்டோ கொண்டு வா என்றார். மாசாணம், வேண்டாங்க அம்மா என்று தொடங்கினார்.

“பெரிய லேத் போச்சுன்னா எனக்கு வாடகை எங்கிருந்து குடுப்ப? எனக்கு அந்தக் கவலைப்பா. சும்மா வளவளன்னு பேசாம ஆட்டோவக் கொண்டா.”

வாடகைக் கவலை என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வைத்துக்கொண்டால்தான் அவருக்கும் சௌகரியமாக இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல். திரும்பி வரும்போது ஆட்டோவில், நேற்று சாயங்காலம் மறுபடியும் வாசலில் இரும்புத் தூள் கிடந்தது என்று சண்டை போட்டார்.

மூன்று மாதம் என்றது மூன்று வருடமானது. முதல் விசாரணைத் தேதிக்கு மேல்முறையீட்டு அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அடுத்த தேதிக்குப் புதியவர் வரவில்லை. அதற்கடுத்த தேதிக்குக் கோப்பு வேறு பிரிவில் இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் மாசாணம் பட்டறையை மூடிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, மூன்று வருட பில் புத்தகங்களையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போவார். தாழ்வாரத்தில் உட்காருவார். மத்தியானத்துக்கு மேல் யாராவது வெளியே வந்து அடுத்த தேதி சொல்வார்கள். அவர் பொறுமையாகத்தான் இருந்தார். தடை உத்தரவு கையில் இருக்கிறது, பெரிய லேத் ஓடுகிறது, பிறகென்ன? காத்திருப்பதில் தனக்கொன்றும் நட்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நட்டம் யாருக்கு என்று யோசிக்கத் தவறிவிட்டார். அந்த ஒரு தவறுக்காக அவர் தன்னைப் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

1996 ஜூன் மாதம் ஒரு காலையில் குழந்தையம்மாளின் மகள் லோகப்பிரியா பட்டறை வாசலில் வந்து நின்றாள். அந்த வருடம்தான் ப்ளஸ் டூ முடித்தவள். லேத் ஓடும் சத்தத்தில் அவள் நிற்பதை மாசாணம் முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் மெஷினை நிறுத்தினார்.

“ஏனுங்கண்ணா, அந்தக் கேசு எப்பங்க முடியும்?”

எதற்குக் கேட்கிறாய் கண்ணு என்றார். சும்மாதான் என்றாள். சும்மா கேட்கிற முகம் இல்லை அது. இரண்டாவது முறை கேட்டதும், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு சொன்னாள். ஈரோட்டுப் பக்கம் புதிதாக வந்த ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டிப் படிக்கிற இடம். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் தருவதாகப் பேங்கில் சொல்லியிருந்தார்கள். பத்திரம் வரி அலுவலகத்தில் இருக்கிறது. குழந்தையம்மாள் பேங்கிலிருந்து திரும்பி வந்தவர், பொட்டப் பிள்ளைக்கு பி.எஸ்சி. போதும், ஹாஸ்டலில் விட எனக்கு மனசில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். மாசாணத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தின நாள்கூடச் சுவரில் எண்ணெய் பட்டதற்கு வழக்கம்போல் சத்தம் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.

பணம் கட்டக் கடைசி நாள் எப்போது என்று கேட்டார் மாசாணம். இன்னும் பதினாறு நாள் என்றாள். அவள் போன பிறகு அவர் லேத்தைத் திரும்ப ஓட்டவில்லை. நேராக லட்சுமிநாராயணனிடம் போனார். பத்திரத்தை வாங்க என்ன வழி? வேறு யாராவது பத்திரம் வைக்க வேண்டும், அல்லது தகராறில் உள்ள மீதித் தொகையையும் முழுசாகக் கட்டிவிட வேண்டும் என்றார் அவர். சொல்லிவிட்டு, கட்ட வேண்டியதில்லை என்று மூன்று தடவை சொன்னார். தடை இருக்கிறது, ஜெயிக்கிற கேஸ், கட்டிவிட்டு ஜெயித்தால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு ஆயுசு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். எல்லாம் உண்மைதான். மாசாணம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

வீட்டில் அன்புச்செல்வியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையில் பணம் என்று எதுவும் இல்லை. கழற்றிக் கொடுக்க அவளிடமும் ஒன்றும் மிச்சமில்லை. விற்பதற்கு இருந்தது பெரிய லேத் ஒன்றுதான். அது போனால் ஷாப்ட் வேலை போகும், வருமானம் பாதிக்கு இறங்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எதைக் காப்பாற்ற அவள் நகையும் குழந்தையம்மாளின் பத்திரமும் போயினவோ அதையேதான் இப்போது விற்க வேண்டும். அவள் களைந்த தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள்.

“அவங்க நம்மளக் கேக்கலீங்க” என்றாள்.

“கேக்கலைன்னுதான் எனக்கு ஆத்தமாட்டாம இருக்குது” என்றார் மாசாணம். “கேட்டு, சண்ட போட்டிருந்தாங்கன்னா இன்னும் ரெண்டு தேதி பாக்கலாமுன்னு சொல்லியிருப்பேன்.”

அவள் அரிசியை உலையில் போட்டுவிட்டு, அப்படியானால் சீக்கிரம் ஆளைப் பாருங்கள், பதினாறு நாளில் ஒரு நாள் போயாச்சு என்றாள்.

பவானிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து லேத்தைப் பார்த்தார். அவசரத்தில் விற்கிறவனின் முகம் வாங்குகிறவனுக்குத் தெரியாதா? தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், குறைத்துத்தான் கேட்டார். மாசாணம் பேரம் பேசவில்லை. லாரியில் ஏற்றும்போது உதவிக்குக்கூடப் போகாமல் சின்ன லேத்தில் ஏதோ புஷ் வளையத்தைக் கடைந்துகொண்டிருந்தார். அந்தப் புஷ் அளவு தவறிப் போனது. அதற்கும் அடுத்த நாள் வேறு வாங்கி, பில்லில் எழுதி, மாற்றிக் கொடுத்தார். இத்தனை பட்டும் எழுதினார் பாருங்கள், அதுதான் மாசாணம்.

ஒத்துக்கொண்டு கட்டவில்லை, வழக்கின் முடிவுக்கு உட்பட்டுக் கட்டுகிறேன் என்று லட்சுமிநாராயணன் ஒரு கடிதம் எழுதித் தந்தார். செலான் கட்டியாகிவிட்டது. ஆனால் பத்திரம் உடனே வரவில்லை. எந்தக் கட்டில் இருக்கிறது என்றே அலுவலகத்தில் தெரியவில்லை. அங்கே சாமுவேல் என்று ஒரு எழுத்தர். மூன்று வருடமாகத் தாழ்வாரத்தில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்த மனிதரை ஒவ்வொரு தேதியிலும் பார்த்தவர். அவர் இரண்டு நாள் சட்டையைக் கழற்றிவிட்டு ரெக்கார்டு அறையில் புழுதியில் புரண்டு, வேறொரு வருடத்துக் கட்டிலிருந்து அதைத் தேடி எடுத்தார். அலுவலகம் என்றால் எல்லோரும் கல் என்று நினைப்பது தப்பு. கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது பத்திரம் மாசாணத்தின் கைக்கு வந்தது.

குழந்தையம்மாள் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய லேத் நின்ற இடத்தில் சிமென்ட் தரையில் நான்கு போல்ட் குழிகள் இருந்தன. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் உன்னக் கேட்டனா? எவ சொன்னா உனக்கு? ஜெயிக்கிற கேசுன்னுதான நான் கையெழுத்துப் போட்டேன். உன்ர லேத்த விக்கறதுக்கா போட்டேன்?”

மாசாணம் அவர் திட்டித் தீர்க்கும்வரை நின்றார். திட்டும்போதே அந்த அம்மாளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மேலும் திட்டினார். அந்த மாதம் முதல் வாடகையைக் குறைத்துக் கொடு என்று உத்தரவு போட்டார். மாசாணம் முழு வாடகையைத்தான் கொடுத்தார். அதற்காகக் குழந்தையம்மாள் இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தார். லோகப்பிரியா காலேஜில் சேர்ந்தாள்.

வழக்கு 1997 ஜனவரியில் விசாரணைக்கு வந்தது. புதிய மேல்முறையீட்டு அதிகாரி, தலை நரைத்தவர், கோப்பை உண்மையாகவே படித்துவிட்டு வந்திருந்தார். மாசாணத்தின் மூன்று பில் புத்தகங்களையும் புரட்டினார். பதினொரு இடத்திலும் விரல் வைத்தார். ஏன் மாற்றிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் கெடுத்தால் நாங்கள்தானே கொடுக்க வேண்டும் என்றார் மாசாணம். இதில் உங்களுக்கு லாபம் என்ன? ஒன்றுமில்லை. இதில் விற்பனை எங்கே இருக்கிறது என்று அதிகாரி அரசாங்கத் தரப்பு ஆளைக் கேட்டார். அவர் தன் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். மூன்றரை வருடம் காத்திருந்தது இந்தப் பத்து நிமிடத்துக்கு. லட்சுமிநாராயணன் பேசுவதற்கென்று எழுதிக்கொண்டு வந்த ஆறு பக்கமும் அப்படியே மடியில் இருந்தது.

முடிவைச் சொல்லிவிடலாம்: மாசாணம் ஜெயித்தார். வரியும் அபராதமும் முழுசாக ரத்தாயின. கட்டிய பணம் திரும்பி வர மேற்கொண்டு பதினான்கு மாதம் ஆனது. முதலில், இனி வரப்போகும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அவருக்கு இனி வரியே கிடையாது என்றுதானே தீர்ப்பு, எதில் கழிப்பது என்று லட்சுமிநாராயணன் நாலு தடவை எழுதிக் கேட்ட பிறகு செக் வந்தது. அதற்குள் ஆறடி லேத்தின் விலை எங்கேயோ போயிருந்தது. பிற்பாடு அவர் வாங்கியது ஒரு பழைய நாலரை அடி.

ஆனால் அந்தப் பத்தாவது நிமிடத்தில் ஒன்று நடந்தது. அதிகாரி கோப்பை மூடப் போனவர், கடைசித் தாளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மீதிப் பாதியைக் கட்டிய செலான் அது. தேதியைப் பார்த்தார், தடை உத்தரவின் தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வரியைக் கட்ட வேண்டாம் என்று உங்களுக்கு அப்போது தடை உத்தரவு இருந்ததே, தடை இருக்கும்போது எதற்காகக் கட்டினீர்கள் என்று கேட்டார். லட்சுமிநாராயணன் எழுந்து, அது வந்துங்க சார் என்று இழுத்தார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு மாசாணத்தையே பார்த்தார்.

மாசாணம் எழுந்து நின்றார். பெரிய இடத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டார்.

“தடை எனக்குக் கெடச்சுதுங்க. ஜாமீன் போட்ட அம்மாவுக்குக் கெடைக்கலீங்களே” என்றார்.

 அதிகாரி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. கோப்பை மெதுவாக மூடிவிட்டு, சரி, நீங்கள் போகலாம் என்றார். மாசாணம் கும்பிட்டுவிட்டு, பில் புத்தகங்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்து, கணபதிக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றார்.